ஸ்டாக் (சொல்)

ஸ்டாக் என்பது ஆங்கில மொழியில் மிகப் பல பொருள்களில் வழங்கும் ஒரு பெயர்ச்சொல் ஆகும். நிறுவனப் பங்கு, அரசுக் கடன் பத்திரம், கடையிலுள்ள சரக்கு இருப்பு, கால்நடை, குலவழி, துப்பாக்கியின் கட்டை, எலும்பு வேகவைத்த சாறு ஆகிய அனைத்தையும் இந்த ஒரே சொல் குறிக்கும். இவற்றுள் இன்று மிகுதியாக அறியப்படுவது நிறுவனப் பங்கு என்னும் பொருளே. எனினும் அது இச்சொல்லின் வரலாற்றில் பிற்காலத்தில் ஏற்பட்டது. அடிப்படைப் பொருள் மரத்தின் அடித்தண்டு என்பதாகும்.

நிதித்துறையில் இச்சொல் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக இரண்டு வேறுபட்ட உரிமைகளைக் குறித்து வந்துள்ளது. ஒன்று, கடன் கொடுத்தவர் வட்டி பெறும் உரிமை. மற்றொன்று, ஒரு நிறுவனத்தின் உடைமையாளர் இலாபத்தில் பெறும் உரிமை. நிறுவனம் நொடித்துப் போனால் கடன் கொடுத்தவருக்குத் தீர்த்த பின்னர் எஞ்சியதே உடைமையாளருக்குக் கிடைக்கும் என்பதால் இவை இரண்டும் ஒன்றாகா. பழைய ஆங்கில நூல்களில் ஸ்டாக் என்று வரும் இடமெல்லாம் பங்கு என்று தமிழில் பெயர்ப்பது பெரும்பாலும் பிழையாவது இதனாலேயே.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ஸ்டாக் என்றே ஒலித்தது. மரத்தின் அடிப்பகுதி, வெட்டப்பட்ட மரத்துண்டு, மண்ணில் நட்ட கம்பம் ஆகியவற்றை அது குறித்தது. இது செருமானிய மொழிக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான சொல் ஆகும். இடாய்ச்சு மொழியில் இதன் உறவுச்சொல் இன்றும் கைத்தடியைக் குறிக்கிறது. கட்டடத்தின் மாடிக்கும் அதுவே பெயர். டச்சு மொழியிலும் கோல், தடி என்னும் பொருள்களில் வழங்குகிறது. சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமின் பெயரில் முற்பகுதி மரக்கட்டையையும் பிற்பகுதி சிறு தீவையும் குறிப்பதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது.

அடிமரம் என்ற பொருளிலிருந்து இரு திசைகளில் சொல் வளர்ந்தது. மரத்துண்டால் ஆனவை அனைத்தும் இப்பெயரைப் பெற்றது ஒரு திசை. குற்றவாளியின் கால்களைப் பூட்டிவைக்கும் துளையிட்ட பலகை, துப்பாக்கியைத் தோளில் தாங்கும் கட்டை, கப்பல் கட்டும்போது அதைத் தாங்கி நிற்கும் மரச்சட்டங்கள் ஆகியன இவ்வகையின. மற்றொரு திசை உருவகம் சார்ந்தது. கிளைகளும் கனிகளும் தோன்றுவதற்கு அடிமரம் காரணமாக இருப்பது போல, ஒரு குடும்பத்தின் மூதாதை, ஒரு விலங்கினத்தின் வித்து, வணிகத்தின் முதலீடு ஆகியவை ஸ்டாக் எனப்பட்டன. தோட்டக்கலையில், ஒட்டுக் கட்டும்போது வேரோடு மண்ணில் நிற்கும் அடிச்செடிக்கு இன்றளவும் இதுவே பெயர்.

பணத்தொகை அல்லது சேர்த்துவைத்த பொருள் என்ற பொருளில் இச்சொல் 15ஆம் நூற்றாண்டில் காணப்படுகிறது. அப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன. ஒன்று மேற்கூறிய அடிமர உருவகம். மற்றொன்று, இங்கிலாந்து அரசின் கருவூலத்தில் பயன்பட்ட கணக்குக் கோல்.

கணக்குக் கோல்

இடைக்கால இங்கிலாந்தில் எழுத்தறிந்தவர்கள் குறைவு. தாளும் எளிதில் கிடைக்கவில்லை. எனவே கொடுக்கல் வாங்கலைக் கோலில் வெட்டுக்குறியிட்டுப் பதிவு செய்தனர். இக்கோலுக்கு டேலி என்று பெயர். தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் கணக்கு டேலி ஆகவில்லை என்று சொல்லும்போது வழங்குவதும், இந்தியாவில் பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கு மென்பொருளின் பெயரும் இச்சொல்லே.

அரசுக் கருவூலத்தில் இக்கோல் 12ஆம் நூற்றாண்டிலிருந்து பயன்பட்டது. அக்கருவூலத்தின் நடைமுறையை விளக்கி ரிச்சர்டு ஃபிட்சுநீல் என்பவர் 1170களின் இறுதியில் இலத்தீன் மொழியில் எழுதத் தொடங்கிய நூலில் வெட்டுக்களின் அளவுகள் தரப்பட்டுள்ளன. 1000 பவுண்டுக்கு உள்ளங்கையின் தடிப்பளவு, 100 பவுண்டுக்குப் பெருவிரல் அகலம், 20 பவுண்டுக்குச் சுண்டுவிரல் அகலம், 1 பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியின் பருமன். சில்லிங்குக்கு அதனினும் சிறிய வெட்டு. பென்னிக்கு மரம் சிறிதும் பெயராமல் ஒரு கீறல் மட்டுமே. அளவை விரலாலும் தானியமணியாலும் சொல்வது நமக்குப் புதிதன்று.

வெட்டுக்குறிகள் இட்டபின் கோலை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பர். வெட்டுகள் இரு பாதியிலும் பதிந்திருக்கும். ஒரு பாதி, கைப்பிடிப் பகுதியுடன் சற்று நீண்டிருக்கும். அதுவே ஸ்டாக், அதாவது அடிமரம். குட்டையான மறுபாதி ஃபாயில் எனப்பட்டது. இது இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பணம் செலுத்தியவர் அடிமரத்தைப் பெற்றுக்கொண்டார். கருவூலம் இலையை வைத்துக்கொண்டது. பின்னர் இரண்டையும் பொருத்திப் பார்ப்பர். ஒரு மரத்தின் இழையோட்டம் மற்றொன்றில் அமையாது என்பதால் பாதியை மட்டும் போலியாகச் செய்ய இயலாது. ஒருவர் தன்னிடமுள்ள பாதியில் கூடுதலாக ஒரு வெட்டு போட்டாலும் மற்றதில் அது இராது. இரு தரப்பினரிடமும் ஒரே பதிவு, ஒருவர் தனியே திருத்த முடியாதபடி இருப்பது இதன் சிறப்பு ஆகும்.

பணம் பெற்றதற்கு அடையாளமாக நம்மிடம் எஞ்சும் சீட்டுத்துண்டை ஆங்கிலத்தில் கவுண்டர்ஃபாயில் என்பதும் இக்கோலின் இலைப் பாதியின் பெயரிலிருந்து வந்ததே. தமிழில் இதனை அடிக்கட்டை என்கிறோம். ஆங்கிலம் இலையின் பெயரைக் கொண்டிருக்க, தமிழ் அடிமரத்தின் பெயரைக் கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது.

முதலில் வரி செலுத்தியதற்கு அத்தாட்சியாக இருந்த கோல், காலப்போக்கில் கடன் பத்திரமாகவும் பயன்பட்டது. அரசரிடம் பணம் இல்லாதபோது, இனி வரவேண்டிய வரியைக் காட்டி முன்கூட்டியே கோல் வழங்கினர். அதைப் பெற்றவர் வரி வந்ததும் பணமாக்கிக் கொள்ளலாம். காத்திருக்க முடியாதவர் தள்ளுபடியில் வேறொருவருக்கு விற்றுவிடலாம். 17ஆம் நூற்றாண்டில் இலண்டன் பொற்கொல்லர்கள் இவ்வாறு அரசின் கடன்களைப் பெருமளவில் வாங்கிவைத்திருந்தனர். 1672இல் இரண்டாம் சார்லசு மன்னர் கருவூலத்திலிருந்து பணம் கொடுப்பதை நிறுத்தியபோது அவர்களில் பலர் நொடித்துப் போயினர்.

1780களில் இயற்றப்பட்ட சட்டம் கோல்முறையை ஒழிக்க வழி செய்தது. ஆனால் பழைய பதவிகளில் இருந்தவர்கள் உயிருடன் இருக்கும்வரை நடைமுறை தொடர்ந்தது. 1826இல்தான் அது முடிவுக்கு வந்தது. பயனற்றுக் குவிந்துகிடந்த கோல்களை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் அவைக்குக் கீழிருந்த உலைகளில் இட்டு எரித்தனர். புகைபோக்கி அளவுமீறிச் சூடேறித் தீப்பிடித்து, நாடாளுமன்றக் கட்டடங்களின் பெரும்பகுதி அன்றிரவே எரிந்து போனது. இன்றுள்ள வெசுட்மின்சுட்டர் அரண்மனை அதற்குப் பின் கட்டப்பட்டது. கோல்களை ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாமே என்று 1855இல் எழுத்தாளர் சார்லசு டிக்கின்சு ஓர் உரையில் கேலி செய்தார்.

இரண்டு விளக்கங்கள்

கோலின் பாதியை வைத்திருந்தவரே முதல் ஸ்டாக்ஹோல்டர் என்ற விளக்கம் மிகவும் பரவலானது. பணத்தின் பெயர் அதைப் பதிந்த மரத்திலிருந்து வந்தது என்பதால், தமிழ் இலக்கணப்படி இதனை ஓர் ஆகுபெயர் எனலாம். கதை அழகாக இருப்பதாலேயே பல நூல்களில் இது ஐயத்துக்கு இடமில்லாத வரலாறாகத் தரப்படுகிறது.

அகராதியாளர்கள் இவ்வளவு உறுதி காட்டுவதில்லை. ஆட்டு மந்தை, தானியக் கையிருப்பு, கருவித் தொகுதி போன்றவற்றுக்கும் இச்சொல் வழங்குவதைக் கோலைக் கொண்டு விளக்குவது கடினம். அடிமர உருவகம் அவற்றை எளிதில் விளக்குகிறது. மந்தையை வைத்துக்கொண்டு குட்டிகளை விற்பதும், முதலை வைத்துக்கொண்டு இலாபத்தைச் செலவிடுவதும், அடிமரத்தை விட்டுக் கனியைப் பறிப்பதும் ஒரே செயலின் வடிவங்கள். அரசுக்குக் கொடுத்த கடன் என்ற சிறப்புப் பொருளுக்குக் கோல் வலுச்சேர்த்திருக்கலாம். இரண்டு வழிகளும் ஒரே சொல்லில் வந்து கலந்தன என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

கூட்டு முதல்

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்து வணிகர்கள் தொலைதூர வாணிகத்துக்காகப் பலரிடம் பணம் திரட்டினர். இவ்வாறு ஒன்றாகப் போட்ட பணமும் சரக்கும் சேர்ந்து ஜாயின்ட் ஸ்டாக், அதாவது கூட்டு முதல் எனப்பட்டது. 1555இல் பட்டயம் பெற்ற மசுகோவி நிறுவனம் இவ்வகையில் முன்னோடி. இங்கு ஸ்டாக் என்பது ஒருவருடைய பங்கு அன்று. அனைவரும் சேர்த்த மொத்தம். அந்த மொத்தத்தில் ஒருவருக்குரிய பகுதிக்கு ஷேர் என்று பெயர். ஷேர் என்பது வெட்டுதல், பிரித்தல் என்னும் பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. ஆக, ஸ்டாக் முழுமை, ஷேர் அதன் துண்டு.

1600 திசம்பர் 31 அன்று பட்டயம் பெற்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடக்கத்தில் ஒவ்வொரு கடற்பயணத்துக்கும் தனித்தனியே முதல் திரட்டியது. முதற்பயணத்துக்குத் திரண்டது சுமார் 68,000 பவுண்டு. கப்பல் திரும்பி, மிளகு விற்றதும், போட்ட முதலும் இலாபமும் சேர்த்தே பிரித்துக் கொடுக்கப்பட்டன. அடிமரத்தையே வெட்டிப் பங்கிட்டுவிட்டு, அடுத்த பயணத்துக்குப் புதிதாக நடுவது போன்றது இம்முறை. 1613இல் சில ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரே முதலாகச் சுமார் 4,18,000 பவுண்டு திரட்டப்பட்டது. 1657இல் நிலையான முதல் ஏற்படுத்தப்பட்டது. இதன்பின் முதலைத் திரும்பக் கேட்க இயலாது. தன் பகுதியை வேறொருவருக்கு விற்கலாம். முதல் நிலைத்துவிட்டதால் விற்பனை தேவையாயிற்று; விற்பனை தேவையானதால் சந்தை உருவாயிற்று.

கம்பெனியின் வாக்குரிமையும் ஸ்டாக்கின் அளவைக் கொண்டே அமைந்தது. 500 பவுண்டு ஸ்டாக் உடையவருக்கு ஒரு வாக்கு என்றிருந்ததை 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் 1000 பவுண்டாக உயர்த்தியது. எத்தனை பங்குகள் என்று எண்ணாமல் எவ்வளவு பவுண்டு ஸ்டாக் என்று அளந்தனர் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

கடன் முதலாக மாறியது

17ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கடனும் உடைமையும் ஒரே சொல்லில் பின்னிக்கொண்டன. பிரான்சுடன் நடந்த போருக்குப் பணம் தேவைப்பட்டதால் 1694இல் இங்கிலாந்து வங்கி நிறுவப்பட்டது. மக்களிடம் திரட்டிய 12 இலட்சம் பவுண்டை அவ்வங்கி நூற்றுக்கு 8 வட்டிக்கு அரசுக்குக் கடனாகக் கொடுத்தது. வங்கியின் முதல் முழுவதும் அரசின் கடனாகவே இருந்தது. அதன் ஸ்டாக்கை வாங்கியவர் ஒரு நிறுவனத்தின் உடைமையாளரா, அரசுக்குக் கடன் கொடுத்தவரா என்ற வினாவுக்கு இரண்டும் என்பதே விடை.

அப்போது சந்தையில் அரசின் கணக்குக் கோல்கள் மிகுந்த தள்ளுபடியில் விலைபோயின. 1697இல் வங்கி தன் முதலைச் சுமார் 10 இலட்சம் பவுண்டு உயர்த்தியது. புதிய முதலில் ஐந்தில் நான்கு பகுதியைக் கோல்களாகவே செலுத்தலாம். அவை முழு மதிப்புக்கு ஏற்கப்பட்டன. கோலின் அடிமரப் பாதியைக் கொடுத்து வங்கியின் ஸ்டாக்கைப் பெற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் ஒட்டுக் கட்டுதல் என்பதாகும். தோட்டக்காரர் செடிக்குச் சொல்லும் அதே சொல்தான். சொல்லின் மரப்பொருள் அன்று மறக்கப்படவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

1711இல் தொடங்கப்பட்ட தென்கடல் கம்பெனி இதே வழியைப் பெரிதாக்கியது. தென் அமெரிக்க வாணிகம் அதன் பெயரில் இருந்தாலும், தொடக்கத்தில் அதன் முதல் 90 இலட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட அரசுக் கடன்தான். கடன் பத்திரம் வைத்திருந்தவர்கள் அவற்றை ஒப்படைத்துக் கம்பெனியின் ஸ்டாக்கைப் பெற்றனர். நிலையான வட்டிக்கு உரியவர்களாக இருந்தோர் ஏறி இறங்கும் விலைக்கு உரியவர்களாக மாறினர். 1720இல் எஞ்சிய அரசுக் கடனில் பெரும்பகுதியையும் இவ்வாறு மாற்ற முயன்றபோது அவ்வாண்டின் தொடக்கத்தில் சுமார் 128 ஆக இருந்த விலை கோடையில் 1000 அளவுக்கு ஏறி, ஆண்டு முடிவதற்குள் பழைய இடத்துக்கே விழுந்தது. ஆயுட்கால வட்டி வருமானத்தை விட்டுக்கொடுத்து உச்ச விலையில் ஸ்டாக் பெற்றவர்களுக்குத் திரும்பிச் செல்ல வழி இருக்கவில்லை.

இவ்விலைகளைப் படிக்கும் மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1000 என்பது ஒரு பங்கின் விலை அன்று. 100 பவுண்டு முகமதிப்புள்ள ஸ்டாக்கின் விலை அது. அக்கால விலைப்பட்டியல்கள் அனைத்தும் இம்முறையிலேயே அமைந்தன.

ஒரு பங்கு கடனைப் போல ஆனதற்கு எதிர்த்திசைச் சான்று கிழக்கிந்தியக் கம்பெனியிலேயே உண்டு. 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் கம்பெனியின் வாணிகத்தை முடித்துவைத்தது. வாணிகம் இல்லையெனில் இலாபம் இல்லை. ஆயினும் 60 இலட்சம் பவுண்டு ஸ்டாக்குக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு பத்தரை வீதம், அதாவது 6,30,000 பவுண்டு, இந்திய வருவாயிலிருந்து பங்காதாயமாகச் செலுத்தப்பட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. 1857 எழுச்சிக்குப் பின் ஆட்சி கம்பெனியிடமிருந்து பிரித்தானிய முடியாட்சிக்குச் சென்ற பின்னரும் இது நின்றுவிடவில்லை. 1873இல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி 1874இல் 100 பவுண்டு ஸ்டாக்குக்கு 200 பவுண்டு வீதம் கொடுத்துத் தீர்த்தபின் கம்பெனி கலைக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் இந்தியாவில் நிலவரி செலுத்திய குடியானவர் எவரும் அந்த ஸ்டாக்கில் கையெழுத்திட்டவர் அல்லர். பெயரளவில் பங்காக இருந்த ஒன்று, செயலளவில் வேறொரு நாட்டின் வரியின் மீது எழுதப்பட்ட கடனாக மாறியது.

பங்குக்கும் ஸ்டாக்குக்கும் சட்ட வேறுபாடு

அன்றாட வழக்கில் ஷேரும் ஸ்டாக்கும் ஒன்றே. நிறுவனச் சட்டத்தில் இவற்றிடையே வேறுபாடு உண்டு. பங்கு என்பது குறிப்பிட்ட முகமதிப்புள்ள ஓர் அலகு. 10 ரூபாய்ப் பங்கைப் பாதியாக்கி விற்க முடியாது. பழைய முறையில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. முழுத்தொகையும் செலுத்தப்பட்ட பங்குகளை நிறுவனம் ஸ்டாக்காக மாற்றும்போது அலகுகள் மறைந்து ஒரே தொகையாகிவிடும். அத்தொகையில் வேண்டிய அளவைக் கைமாற்றலாம். நாணயங்களை உருக்கிக் கட்டியாக்கியது போன்றது இது. காகிதப் பதிவேடுகள் இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான பங்கு எண்களை எழுதும் வேலை இதனால் மிச்சமானது.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் இம்மாற்றத்தை அனுமதித்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61ஆவது பிரிவும் அனுமதிக்கிறது. அச்சட்டம் பங்கை வரையறுக்கும்போது ஸ்டாக்கையும் அதனுள் அடக்கியே கூறுகிறது. இம்முறை தோன்றிய நாட்டில் நிலைமை வேறு. ஐக்கிய இராச்சியத்தின் 2006ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், இனிப் பங்குகளை ஸ்டாக்காக மாற்ற இயலாது என்று விதித்தது. கணினிப் பதிவில் எண்களை எழுதும் தொல்லையே இல்லாததால் நடைமுறையில் இதன் தேவை எங்கும் மறைந்துவிட்டது.

பிரித்தானிய வழக்கும் அமெரிக்க வழக்கும்

பிரித்தானியாவில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஸ்டாக் என்றால் முதலில் நினைவுக்கு வந்தது அரசுக் கடன். 1750களின் தொடக்கத்தில் பல கடன்களை ஒன்றிணைத்து உருவாக்கிய கன்சால் எனப்பட்ட நிலைக்கடன் பத்திரங்கள் இதில் முதன்மையானவை. முதலைத் திருப்பித் தரும் நாள் குறிக்கப்படாத இவை, 2015இல்தான் முற்றிலும் தீர்க்கப்பட்டன. ஒருவர் தன் பணத்தை ஸ்டாக்கில் போட்டுவைத்திருந்தார் என்று அக்கால ஆங்கிலப் புதினம் கூறினால், அவர் துணிந்து சூதாடினார் என்று பொருள் கொள்ளக்கூடாது. பெரும்பாலும் அவர் மிக எச்சரிக்கையான மனிதர் என்பதே பொருள்.

அமெரிக்காவிலும் தொடக்கம் இவ்வாறே இருந்தது. 1792 மே 17 அன்று நியூயார்க்கு வால் தெருவில் 24 தரகர்கள் கையெழுத்திட்ட பட்டன்வுட் உடன்படிக்கை பொது ஸ்டாக்குகளைக் குறித்தே பேசுகிறது. அன்று கைமாறியவற்றில் முதன்மையானவை புதிய கூட்டாட்சி அரசின் கடன் பத்திரங்கள். இருப்புப்பாதை நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் பெருகியபின், அங்கே ஸ்டாக் என்பது நிறுவனப் பங்கை மட்டும் குறிப்பதாயிற்று. கடனுக்கு பாண்டு என்ற சொல் நிலைத்தது.

இதன் விளைவாக ஒரே தொடர் கடலின் இரு கரைகளிலும் முரண்பட்ட பொருள் தருகிறது. டிரெசரி ஸ்டாக் என்பது பிரித்தானியாவில் அரசு வெளியிட்ட கடன் பத்திரம். அமெரிக்காவில் அது ஒரு நிறுவனம் தானே திரும்ப வாங்கி வைத்துக்கொண்ட தன் சொந்தப் பங்கு. அதற்கு வாக்கும் இல்லை, பங்காதாயமும் இல்லை. இந்தியா பிரித்தானிய மரபைப் பின்பற்றியது. 2006ஆம் ஆண்டு அரசுப் பத்திரங்கள் சட்டம், பத்திரங்களின் வடிவங்களுள் ஒன்றாக ஸ்டாக்கைக் குறிப்பிடுகிறது. அரசு ஸ்டாக் என்ற தொடரை இந்திய அரசு அறிவிப்பில் காண்பவர் அரசு நிறுவனத்தின் பங்கு என்று எண்ணிவிடக்கூடாது.

பிற ஐரோப்பிய மொழிகள் பல இச்சிக்கலில் அகப்படவில்லை. பிரெஞ்சு, இத்தாலியம், எசுப்பானியம், இடாய்ச்சு ஆகியவற்றில் நிறுவனப் பங்குக்கு வழங்கும் சொற்கள் இலத்தீனில் செயல், வழக்கு என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தவை.

தவறான விளக்கங்கள்

இலண்டனில் ஸ்டாக்ஸ் மார்க்கெட் என்ற பெயரில் ஒரு சந்தை இருந்தது. 1282 அளவில் ஏற்படுத்தப்பட்டு, மேயரின் இல்லம் கட்டுவதற்காக 1737இல் அகற்றப்பட்டது. அங்கே விற்றவை இறைச்சி, மீன், காய்கறி ஆகியன. குற்றவாளிகளைப் பூட்டிவைக்கும் மரப்பலகை அவ்விடத்தில் இருந்ததால் அப்பெயர் ஏற்பட்டது. இங்கிலாந்து வங்கிக்கு மிக அருகில் இருந்ததால் பங்குச் சந்தையின் பெயர் இதிலிருந்து வந்தது என்று சிலர் எழுதிவிடுகின்றனர். தரகர்கள் கூடியது இச்சந்தையில் அன்று, அருகிலிருந்த காப்பிக் கடைகளில். 1773இல் அவர்கள் தனிக் கட்டடம் ஒன்றை எடுத்து அதற்கு ஸ்டாக் எக்ஸ்சேஞ்சு எனப் பெயரிட்டனர்.

உண்மை மதிப்பைவிடக் கூடுதல் மதிப்பிட்டு வெளியிடும் பங்கை அமெரிக்காவில் தண்ணீர் கலந்த ஸ்டாக் என்பர். தமிழருக்குப் பாலில் தண்ணீர் கலப்பது நினைவுக்கு வரும். ஆனால் இங்கே குறிக்கப்படுவது கால்நடை. மாடுகளுக்கு உப்பைக் கொடுத்துத் தாகமெடுக்கச் செய்து, விற்பதற்குச் சற்றுமுன் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து எடையைக் கூட்டும் தந்திரம் இது. பின்னாளில் நிதிச் சூதாடியாகப் பெயர்பெற்ற மாட்டு வணிகர் டேனியல் டுரூ இதைச் செய்தார் என்பது கதையாக வழங்குகிறது. அதை வரலாறாகக் கொள்ள இயலாது. மந்தைக்கும் பங்குக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் இந்தச் சிலேடை சாத்தியமானது.

தமிழில்

தமிழ் வழக்கில் பங்கு என்பது ஷேருக்கு நேரான சொல். பங்காளி, பங்கு பிரித்தல், ஊர்நிலத்தில் பங்கு ஆகிய வழக்குகளால் அது முன்பே உடைமைப் பகுதியைக் குறித்து வந்தது. பேச்சிலும் ஷேர் மார்க்கெட் என்பதே மிகுதி. மும்பையில் 1875இல் தோன்றிய தரகர் சங்கம் தன் பெயரிலேயே ஷேர், ஸ்டாக் ஆகிய இரண்டையும் தனித்தனியே கொண்டிருந்தது. இரண்டுக்கும் சேர்த்துத் தமிழில் பங்குச் சந்தை என்ற ஒரே தொடர் அமைந்துவிட்டது. இலங்கையில் பங்குப் பரிவர்த்தனை என்ற வழக்கும் உண்டு. இவை நிலைத்துவிட்ட சொற்கள், மாற்றத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பில் இடர் வருவது ஸ்டாக் தனித்து வரும்போது. அதற்கு மிக நெருக்கமான தமிழ்ச் சொல் முதல் என்பதாகும். தொடக்கம், வேர், அடி, வணிகத்தில் இட்ட பணம் ஆகிய பொருள்கள் அனைத்தும் இச்சொல்லில் உள்ளன. தமிழ் இலக்கணம் முழுப்பொருளை முதல் என்றும் அதன் உறுப்பைச் சினை என்றும் வழங்குகிறது. மரம் முதல், கிளை சினை. கூட்டு முதலுக்கும் அதிலுள்ள பங்குக்கும் இடையிலான உறவும் இதுவே. வடமொழி வழிவந்த மூலதனம் என்ற சொல்லிலும் மூலம் என்பது வேரைக் குறிக்கும். ஆங்கிலேயர் அடிமரத்தைக் கண்ட இடத்தில் தமிழர் அடியையும் வேரையும் கண்டிருக்கின்றனர்.

எனவே இடத்துக்கேற்ப, கம்பெனியின் மொத்த ஸ்டாக்கை முதல் அல்லது மூலதனம் எனவும், ஒருவரிடம் உள்ள நிறுவன ஸ்டாக்கைப் பங்கு எனவும், அரசு வெளியிட்டதைக் கடன் பத்திரம் எனவும் பெயர்ப்பது தெளிவு தரும். கடையிலும் நியாயவிலைக் கடைப் பலகையிலும் உள்ளது இருப்பு. மொத்த விற்பனையாளரைக் குறிக்கும் ஸ்டாக்கிஸ்ட் என்ற பெயர்ப்பலகைச் சொல் இந்திய ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்குவது. தமிழ்நாட்டு ஊர்களில் அது தமிழ் எழுத்திலேயே எழுதப்படுகிறது.

பிற பொருள்கள்

சமையலில் எலும்பு அல்லது காய்கறியை வேகவைத்து எடுத்து, வேறு உணவுகளுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளும் சாறு இப்பெயர் பெற்றது 18ஆம் நூற்றாண்டில். இருப்புப்பாதையில் ஓடும் பெட்டிகளும் பொறிகளும் ரோலிங் ஸ்டாக் எனப்படும். காலுறையைக் குறிக்கும் ஸ்டாக்கிங் என்ற சொல்லும் இதன் வழிவந்தது. மணமுள்ள மலர் தரும் ஒரு தோட்டச் செடிக்கும் ஸ்டாக் என்று பெயர் உண்டு. அதன் தண்டு மரம்போல் உறுதியாக இருப்பது காரணம்.